நாலாவது மாடியில் காத்திருக்கும் கதவு

ஓஷன் பிரீஸ் என்க்ளேவ் கூடுவாஞ்சேரியில் இருக்கிறது. கடல் மாமல்லபுரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே திருப்போரூரும், சில ஏரிகளும், ஏரிகளாக இருந்து மனைகளாகிவிட்ட இடங்களும் கிடக்கின்றன. ஆனாலும் கட்டியவர் விளம்பரத்தில் கடற்காற்று என்று போட்டிருந்தார். வீடு வாங்கியவர்களும் மொட்டை மாடியில் போய் நின்றுகொண்டு, வருகிறது வருகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஆதாரம் கேட்கும் வழக்கம் அப்போது அங்கே யாருக்கும் இல்லை. அது லிஃப்ட் விவகாரத்தோடு வந்தது.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு, யாரும் கூப்பிடாமலே லிஃப்ட் நாலாவது மாடிக்கு ஏறிவிடும். கதவு திறக்கும். உள்ளே ஆள் இருக்காது. மற்ற மாடிகளில் ஒருவர் நுழைவதற்குள் புடவைத் தலைப்பைக் கவ்வப் பார்க்கிற கதவு, நாலாவதில் மட்டும் அகலத் திறந்தபடி நிற்கும். தோளில் பை மாட்டிய ஒருவர் அலுத்துப்போய் மெல்ல இறங்கி வர எவ்வளவு நேரம் பிடிக்குமோ, அவ்வளவு நேரம் நிற்கும். பிறகு மூடிக்கொண்டு கீழே போய்விடும்.

நாலாவது மாடியில் இரண்டே வீடுகள். ஒன்றின் சொந்தக்காரர் டல்லாஸில் இருந்தார். இன்னொன்றில் பெருந்தேவி இருந்தாள்.

அவள் கணவர் ஜெயகிருஷ்ணன் மறைமலைநகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் இன்ஜினியர். பகல் ஷிப்ட் முடிந்து சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வருவார். சித்திரை மாதத்தில் ஒரு நாள் அந்த பஸ்ஸிலேயே ஜன்னலில் தலையைச் சாய்த்தபடி போய்விட்டார். பக்கத்தில் இருந்தவர் தூக்கம் என்று நினைத்து, ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் அவர் தலை ஆடாமல் இருக்கத் தன் தோளைக் கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். கூடுவாஞ்சேரி நிறுத்தத்தில் டிரைவர் இரண்டு தரம் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. மாமல்லபுரம் கடலில் அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்தார்கள். பதின்மூன்றாம் நாள் சொந்தங்கள் கிளம்பிப் போய் வீடு காலியான அன்று சாயங்காலம், லிஃப்ட் வந்து நின்றதைப் பெருந்தேவி வாசல் கதவின் கண்ணாடித் துவாரம் வழியாகப் பார்த்தாள்.

பஸ்ஸிலிருந்து இறங்காத மனுஷர் மிச்ச தூரத்தை இப்படி வந்து முடிக்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அந்த நேரத்துக்கு வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் சாத்தி வைப்பாள், அவ்வளவுதான். ஒரு நாள் முழுவதும் அவளுக்குக் காத்திருக்க என்று இருந்தது அது ஒன்றே.

விஷயம் வெளியே வந்தது மூன்றாவது மாடியால். லிஃப்டுக்குள் நிற்கும்போது மேலே இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று ஒரு அம்மாள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். உடனே ஒருவருக்குக் கற்பூர வாசனை வந்தது, இன்னொருவருக்கு உப்புக் காற்று வந்தது. கடற்காற்று ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டது.

குடியிருப்பில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘மதிப்புடன் மாறுபடுவோம்’ என்று ஒரு கூட்டம் நடக்கும். நம்பிக்கையா, நிரூபணமா என்பது அதன் நிரந்தரப் பொருள். நிரூபணத்தின் தரப்பில் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஸ்ரீனிவாசராகவன். காலையில் நெற்றியில் திருமண் இட்டுக்கொண்ட பிறகே நிரூபணத்துக்கு உட்காருவார். நம்பிக்கையின் தரப்பில் ஏசுதாஸ். ஞாயிறு காலையில் சபையில் ஜெபம் நடத்துவார், வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு கார் தொழிற்சாலையில் தரம் பார்த்தவர். ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டக் கூடாது, எதிராளி சொன்னதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லி அவர் ஒப்புக்கொண்ட பிறகே பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் விதிகள். விதிகளைப் பேராசிரியரே எழுதி, சட்டம் போட்டு, பார்ட்டி ஹாலில் மாட்டியிருந்தார். இதனால் ஒரு வாதம் முடிய வெகு நேரம் ஆகும். பலருக்கு அது முடிந்ததே தெரியாது.

லிஃப்ட் விவகாரம் வந்ததும் இருவருக்கும் உயிர் வந்தது. நேரில் பார்க்காமல் பேசுவது மரியாதையல்ல என்று தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பெருந்தேவி வீட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். அவளைப் பாதிக்கப்பட்ட தரப்பு என்று குறிப்பிட்டார்கள். காபி கொண்டு வருகிற தரப்பும் அவள்தான்.

பேராசிரியர் செல்போனில் காந்தப்புலம் பார்த்தார், வெப்பம் பார்த்தார். ஏசுதாஸ் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். லிஃப்ட் வந்து, நின்று, போனது. இரண்டு பேரும் காபியை ஆற்றிக் குடிப்பார்கள். பிறகு மரியாதை ஆரம்பமாகும்.

“கதவில இருக்கிற சென்சார்ல தூசி. அதான் மூடத் தயங்கறது. ஆனா பிரதர், நிரூபிக்க முடியாததை நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். தெரியாதுன்னுதான் சொல்வேன்” என்றார் பேராசிரியர்.

“சார் தெரியாதுன்னுதான் சொல்றாரு, இல்லேன்னு சொல்லல. நான் சரியாச் சொன்னனா சார்?” என்று விதிப்படி கேட்டுக்கொண்டார் ஏசுதாஸ். “நானும் கேஜ் வெச்சு அளந்து பாக்காம ஒரு நட்டைக் கூட ஓகே பண்ணவன் இல்ல. ஆனா எங்க வூட்டம்மா என் மேல பாசமாக் கீறாளான்னு கேஜ் வெச்சுப் பாத்தது இல்லியே.”

பார்த்திருக்கலாம் என்று பெருந்தேவி நினைத்துக்கொண்டாள். அவர் மனைவி ரெஜினா அவளுக்கு சிநேகிதி.

இப்படி மதித்து மதித்து ஒரு மாதத்தில் ஒரு காரியம் நடந்தது. ஒருவர் நியாயத்தை ஒருவர் திருப்பிச் சொல்லிச் சொல்லி அது அவரவர் தொண்டையிலேயே தங்கிவிட்டது. பேராசிரியர் உடற்பயிற்சிக்காக என்று சொல்லி நாலு மாடியும் படியேறி வர ஆரம்பித்தார். லிஃப்டில் தனியாக அவரை யாரும் பார்க்கவில்லை. ஏசுதாஸோ ஒரு டார்ச் லைட்டும் ஸ்குரூ டிரைவரும் எடுத்து வந்து கதவிடுக்கில் துழாவிக்கொண்டிருந்தார். வெளியில் மட்டும் அவரவர் பழைய தரப்பிலேயே நின்றார்கள். விருந்தாளிக்குப் போட்ட நாற்காலியில் தான் உட்கார்ந்துவிட்டது போல அது இருவருக்கும் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

ஆகவே முதல் தடவையாக இரு தரப்பும் ஒத்துப்போயின. லிஃப்டின் கண்ட்ரோல் பெட்டியைப் புதிதாக மாற்றிவிடுவது. மாற்றும் அன்றே ஒரு ஹோமமும் ஒரு ஜெபமும் நடத்திவிடுவது. வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானம் போடுவது. பேராசிரியர் இதைச் சொல்லிவிட்டு ஏசுதாஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெருந்தேவி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சமையலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, டம்ளரைத் தேய்க்காமல் நின்றாள். எல்லாரும் எவ்வளவு பதவிசாக அவரை இரண்டாம் தடவை அனுப்பி வைக்கிறார்கள் என்று இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் லிஃப்ட் கம்பெனி ஆள் ஜான்சன் அளவெடுக்க வந்தான். கழுத்தில் ஜெபமாலை, மணிக்கட்டில் திருப்பதிக் கயிறு, சட்டைப் பையில் நாகூர்த் தாயத்து. எந்த மாடியில் எது நிற்கும் என்று யாருக்குத் தெரியும் என்பான். அளவெடுத்துவிட்டுப் போகாமல் அவள் வாசலில் நின்றான்.

“மேடம், ஒண்ணு சொல்லணும். கோச்சிக்கக் கூடாது. வெளிய தெரிஞ்சா என் வேல பூடும்.”

அவன் சொன்னது இது. ஜெயகிருஷ்ணன் அசோசியேஷன் செயலாளராக இருந்தபோது அவனைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்குகிற கூட்டம் முழுக்கக் கீழ் மாடிகளில் லிஃப்டைப் பிடித்துக்கொள்கிறது, என் மனைவி அந்த நேரத்துக்குக் கோயிலுக்குக் கிளம்புவாள், முட்டி வலிக்காரி, எவ்வளவு நேரம் நிற்பாள், அந்த நேரத்துக்கு லிஃப்ட் தானாக நாலாவதுக்கு வருகிற மாதிரி டைமர் வைத்துக்கொடு என்று கேட்டிருக்கிறார்.

“அசோசியேஷன்ல சொல்லிட்டுச் செய்யலாமே சார்ன்னேன். சொன்னா எல்லாரும் கேப்பாங்கய்யான்னாரு. அப்பறம் சிரிச்சிகினே இன்னொண்ணும் சொன்னாரு. அவ பெருமாள் அனுப்பறார்னு நெனச்சிகினு கீறா, அது அப்டியே இருக்கட்டும்ன்னாரு.”

பெருந்தேவிக்கு முகம் சூடாகிவிட்டது. வாஸ்தவம்தான். எத்தனை வருஷம், எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்! நான் செருப்பை மாட்டறதுக்குள்ள பெருமாள் லிஃப்டை அனுப்பிடறார் என்று. ரெஜினாவிடம் சொன்னபோது குரலில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது, உங்கள் ஆண்டவர் அனுப்புகிறாரா பார்க்கலாம் என்கிற மாதிரி. அப்போதெல்லாம் அவர் பேப்பருக்குப் பின்னால் இருந்தார்.

அவர் போன பிறகு, வருஷம் திரும்பும் வரை கோயிலுக்குப் போகக் கூடாது என்று அவள் கீழே இறங்குவதையே விட்டிருந்தாள். கோயிலுக்குப் போகாதவளுக்குப் பெருமாள் எதற்கு அனுப்பப் போகிறார் என்றுதான், வருவது அவர் என்று எடுத்துக்கொண்டிருந்தாள். ஏறுகிறவள் ஏறாததால்தான் அது வெறுமனே வந்து வெறுமனே போயிருக்கிறது. அவர் வரவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போக அவர் சொல்லிவைத்த வண்டிதான் தினமும் வந்து போயிருக்கிறது. துவாரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு உள்ளேயே நின்றிருக்கிறாள்.

“அப்போ கதவு அவ்வளவு நேரம் திறந்து நிக்கறதே, அதுவும் நீ வெச்சதுதானே?” என்று கேட்டாள்.

ஜான்சன் லிஃப்ட் இருந்த பக்கம் திரும்பாமலே பதில் சொன்னான். “அது நான் வெக்கல மேடம். டைம் மட்டும்தான் நான். கதவுக்கு எல்லா மாடிக்கும் ஒரே கணக்குதான். நாலாவதுல மட்டும் நிக்க வெக்கறதுக்கு இந்தப் பெட்டில வழியே கெடையாது. சென்சாரெல்லாம் தொடச்சுப் பாத்துட்டேன். அதுக்குத்தான் நான் இங்க ஆறு மணிக்கு மேல வர்றதில்ல.”

அவன் படிவழியாகவே இறங்கிப் போனான்.

பெருந்தேவி பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற ஜாதி. இழுத்துப் பார்த்துவிட்டு, கேஸை மூடினேனா என்று திரும்ப உள்ளே போவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவரும் கூடக் கோயிலுக்கு வருவார். அவள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரும் வரை லிஃப்ட் கதவு மூடாமல் வாசல்படியில் செருப்புக் காலை வைத்துத் தடுத்துக்கொண்டு நிற்பார். அவசரப்படுத்த மாட்டார். கீழே நாலு பேர் பட்டனை அழுத்தித் திட்டுவது கேட்கும். காலை எடுக்க மாட்டார்.

இது ஜான்சனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பார்ட்டி ஹால் நிரம்பியிருந்தது. பேராசிரியர் நம்பிக்கையின் மேன்மையைப் பற்றிப் பேசினார், ஏசுதாஸ் வயரிங் பற்றிப் பேசினார். கைதட்டினார்கள். தீர்மானத்தைப் படித்து முடித்த பிறகு யாருக்கோ நினைவு வந்து, பாதிக்கப்பட்ட தரப்பு ஏதாவது சொல்ல விரும்புகிறதா என்று கேட்டார்கள்.

அவள் எழுந்தாள். டைமர் கதையைச் சொன்னால் பேராசிரியர் பழைய தரப்புக்கே துள்ளித் திரும்பிவிடுவார். திங்கட்கிழமையே அதை அழித்துவிடுவார்கள், ஜான்சனின் வேலையும் போகும். கதவின் கதையைச் சொன்னால் ஹோமமும் ஜெபமும் இரண்டு நாள் நடக்கும். இரண்டில் எதைச் சொன்னாலும் லிஃப்ட் வராது.

“அந்த நேரத்துக்கு நான் கீழ போறது வழக்கம். இப்போ போறதில்லை. அதான் காலியாப் போறது” என்றாள். “நாளைலேர்ந்து நான் ஏறிண்டுடறேன். ஆள் ஏறினா அது பேய் லிஃப்ட் இல்லையே. பெட்டியை மாத்தற செலவும் மிச்சம்.”

கூட்டம் அவளைப் பார்த்தது. செலவு மிச்சம் என்றதும் பலருக்கு அதில் ஆழ்ந்த உண்மை இருப்பதாகப் பட்டது. பேராசிரியர் இது அனுபவவாதத்தின் வெற்றி என்றார். ஏசுதாஸ், சகோதரியின் விசுவாசம் என்றார். பிறகு ஒருவர் சொன்னதை ஒருவர் திருப்பிச் சொல்லச் சற்று நேரம் ஆயிற்று.

திங்கட்கிழமை விளக்கேற்றிவிட்டு, கேஸை ஒழுங்காகப் பார்த்து மூடிவிட்டு, பூட்டிக்கொண்டு வெளியே நின்றாள். லிஃப்ட் வந்தது. நேரே ஏறினாள். ஏறியதுமே கதவு மற்ற மாடிகளில் மூடுவது போலச் சட்டென்று மூடி, புடவைத் தலைப்பைக் கவ்வப் பார்த்தது. கீழே வேப்பமரத்தடி பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை லிஃப்ட் வந்து நின்றதும், வேண்டுமென்றே பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். சமையலறையில் கேஸ் வால்வைப் பிடித்தபடி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். திரும்பி வந்தபோது லிஃப்டின் வெளிச்சம் நடைபாதைத் தரையில் நீளமாக விழுந்து கிடந்தது. கதவு திறந்திருந்தது. கீழே யாரோ பட்டனை அழுத்தித் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை நேரே ஏறினாள், சட்டென்று மூடியது. அந்தக் கட்டடத்திலேயே ஒழுங்காக நடந்த ஒரே பரிசோதனை அதுதான். முடிவை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கூட்டம் போடுவார்கள்.

வியாழக்கிழமை அவளுக்குச் சோதிக்கிற எண்ணம் இல்லை. பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள், கேஸை மூடினோமா என்று நிஜமாகவே சந்தேகம் வந்து உள்ளே போனாள். மூடித்தான் இருந்தது. வெளியே வந்து மறுபடி பூட்டினாள். கதவு நின்றுகொண்டிருந்தது. உள்ளேயிருந்த மின்விசிறிக் காற்றில் எதுவும் வாசனை இல்லை. கற்பூரமும் இல்லை, கடலும் இல்லை. வாசல்படியின் இரும்புப் பட்டையில், ஒரு செருப்புக் கால் நிற்கும் அகலத்துக்கு இடம் விட்டுத் தாண்டி உள்ளே போனாள். முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு ஓரமாக நின்றாள்.

“ஆச்சு. காலை எடுங்கோ” என்றாள்.

கதவு மூடியது.