சாப்ட்பாலுக்கு மூன்று அட்டை

அந்த அகராதி அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒரு சொல் உள்ளே போக வேண்டுமானால், மூன்று பேர் வாயிலிருந்து அது தானாக வந்திருக்க வேண்டும். பேசியவர் யார், எந்த நாள், எந்த இடம் என்று ஆளுக்கொரு அட்டை எழுதி இழுப்பறையில் போட வேண்டும். சட்டம் போட்டவர் தலைமைப் பதிப்பாசிரியர். முதுகுக்குப் பின்னால் அவருக்குச் சிவப்புப் பேனா என்று பெயர்.

அவள் அங்கே ஏழு வருடமாக மாடாய் உழைக்கிறாள். கொண்டுவந்த சொல்லையெல்லாம் அந்தப் பேனா அடித்துத் தள்ளிவிட்டது. இந்த ஒரு சொல்லாவது அச்சில் ஏறாவிட்டால் வேலையை விட்டுவிடுவதென்று அண்ணியிடம் சொல்லிவிட்டுத்தான் காலையில் கிளம்பினாள். ‘ச’ வரிசை மாலை நாலு மணிக்கு அச்சுக்குப் போகிறது.

கையில் மூன்று அட்டை இருந்தது. சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அண்ணி, ஒரு பேருந்து நடத்துநர், ஒரு பல் மருத்துவர். ஞாயிறு தவறாமல் மைதானத்துக்கு விளையாட வருகிற மூவரும், பேஸ்பால் மாதிரியான அந்தப் பந்தாட்டத்தை ‘சாப்ட்பால்’ என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

சிவப்புப் பேனா அட்டைகளைத் தொடக்கூட இல்லை. “மென்பந்துன்னு அழகா ஒரு சொல் இருக்கும்போது இந்த இங்கிலீஷ் கடன் எதுக்கும்மா?”

“எத்தனையோ மொழிக்காரங்க இதை வாங்கி அவங்க நாக்குக்கு ஏத்த மாதிரி வளைச்சுக்கிட்டாங்க சார். யாருக்கும் ஒண்ணும் குறைஞ்சு போயிடலையே.”

“அவங்க கதை நமக்கு எதுக்கு?”

“மென்பந்தாம்! இந்த விரலைப் பாருங்க சார்.” நேற்று பந்தைப் பிடிக்கப் போய், அவள் கட்டைவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

பக்கத்து மேசை மெய்ப்புத் திருத்துபவர் களுக்கென்று சிரித்தார். சிவப்புப் பேனா சிரிக்கவில்லை. “முடியாதுன்னா முடியாதும்மா.”

அடேயப்பா, வந்ததே கோபம்! ஏழு வருடக் கோபம். விறுவிறுவென்று போய் ‘ம’ இழுப்பறையை வெடுக்கென்று இழுத்து, மென்பந்து அட்டைகளை எடுத்து அவர் மேசைமேல் பரப்பினாள். அங்கேயும் மூன்று இருந்தன. விளையாட்டு வீரர், ஆசிரியர், வழிப்போக்கர். மூன்றிலும் ஒரே நாள், ஒரே கையெழுத்து, ஒரே சிவப்பு மை.

அவர் காது மடல் சிவந்துவிட்டது.

“இருபது வருஷம் ஆச்சும்மா,” என்றார் மெல்ல. “நான் உண்டாக்குன சொல். யாராவது சொல்லுவாங்கன்னு பார்த்தேன். ஒருத்தரும் சொல்லலை. ஆசை யாரை விட்டது?”

அவளுக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. “சட்டம் உங்களுது சார்.”

மணி மூன்றே முக்கால். அவர் பேனாவைத் திறந்து தன்னுடைய மூன்று அட்டைகளையும் ஒவ்வொன்றாக அடித்தார். அவளுடைய அட்டைகளில் கையெழுத்துப் போட்டார். “பொருள் எழுதிக் குடு, சீக்கிரம்.”

அவள் பேனாவைப் பிடித்துப் பார்த்தாள். வீங்கிய விரல் வளைய மறுத்தது.

“சரி, நீ சொல்லு. நான் எழுதறேன்.”

அவள் நின்றபடியே சொல்லச் சொல்ல, சிவப்புப் பேனா எழுதிக்கொண்டே போனது. ‘பந்து கடினமானது’ என்ற இடத்தில் மட்டும் சற்று நின்றது.

“அதையும் எழுதுங்க சார்,” என்றாள்.

எழுதினார்.