இடது காதில் ஒரு வீடு

குடிநீர் வாரியத்தில் எல்லோருக்கும் அவர் 'பாம்புச்செவி'. விடியற்காலையில், வண்டிகள் ஓடத் தொடங்குமுன், தெருவில் மண்டியிட்டு உட்காருவார். நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையிலுள்ள மரக்குமிழில் இடது காதை ஒட்டுவார். பூமிக்கடியில் குழாய் எங்கே கசிகிறதோ, அதற்கு நேர் மேலே சாக்பீஸால் வட்டம் போடுவார். அந்த வட்டத்தைத் தாண்டித் தோண்டியவன் வெறும் மண்ணைத்தான் பார்த்தான்.

அந்தக் காது ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது, சட்டென்று அடங்கிப்போனது. வலியில்லை, காய்ச்சலில்லை. மருத்துவர் மூன்று வாரம் மாத்திரை கொடுத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"சில பேருக்கு இப்படி ஆகும். ஏன்னு எங்களுக்கே தெரியாது. இன்னொரு காது நல்லாத்தானே இருக்கு, அதை வெச்சுப் பழகிக்குங்க."

பழகிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. "வலது காதால முயற்சி பண்ணிப் பாருங்களேன்" என்ற பொறியாளரின் மேஜைமேல் கம்பியைப் போட்டுவிட்டு வந்தார். கிடங்கில் வால்வுகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை கொடுத்தார்கள். வீட்டிலோ முகத்தில் எப்போதும் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஒருநாள் மனைவி மறதியாய் இடப்பக்கம் நின்று ஏதோ கேட்டாள். பதில் வராததால் குரலை உயர்த்தினாள்.

"கத்தினா காது வந்துடுமா?" என்று அவர் தள்ளிய தட்டு சுவரில் போய் மோதியது.

அதன்பிறகு அவள் தேவைக்கு மட்டும் பேசினாள். போகப் போகத் தேவையும் குறைந்தது. எட்டு மாதமாக அந்த வீட்டில் வாய் திறந்தது குக்கர் ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வலது காது தலையணையில் புதையப் படுத்திருந்தார். அப்படிப் படுத்தால் உலகமே ஊமையாகிவிடும். அன்று ஆகவில்லை. செத்த காதுக்குள் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

பதறி எழுந்தார். அடுத்த அறையில் மனைவி சத்தமில்லாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மறுபடி படுத்தார். காலடிச் சத்தம். அவர் வீட்டுக் குளியலறைக் கதவின் அதே முனகல். பிறகு அவருடைய சொந்தக் குரல்:

"செவிடன் காதுல சங்கு ஊதறதுன்னா இதுதான். இந்தப் பக்கம் வந்து ஊதும்மா."

"கடைக்குப் போகணும், பையை எடுங்கன்னு மூணு தரம் சொல்லிட்டேன்!" அது அவர் மனைவியின் குரல்.

"மூணையும் அந்தக் காது முழுங்கிடுச்சு. அது சரியான சாப்பாட்டு ராமன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகிறது என்று நினைத்துப் பார்த்தார். அங்கே இருப்பவனுக்குக் காது பிழைத்திருந்தால் 'அதிர்ஷ்டக்காரன்' என்று பொருமிவிட்டுப் போயிருக்கலாம். அவனுக்கும் அதே காது போயிருந்தது.

வேலை முடிந்ததும் தினமும் படுக்கையில் விழுந்து கேட்கலானார். அந்த ஆள் வலது காதோடு தெருவுக்குப் போனான். "இன்னைக்கு வட்டத்தை அஞ்சடி தள்ளிப் போட்டுட்டேன். பொறியாளர் மொறைச்சாரு. நாளைக்கு நாலடி ஆகும் பாரு" என்று அவளிடம் சொல்லிச் சிரித்தான்.

ஒரு சாயங்காலம் அங்கே சிரிப்பு இல்லை.

"இன்னைக்கும் கேக்குதா?" என்றாள் அவள்.

"ம்."

"என்ன கேக்குது?"

"ஒண்ணுமில்ல. அதான் பயமாயிருக்கு. அந்தம்மா தட்டு வெக்கிற சத்தம் மட்டுந்தான். அந்தாளும் வீட்லதான் இருக்கான், மூச்சு விடறது கேக்குது." அவன் குரல் தணிந்தது. "இப்ப மூச்சையும் பிடிச்சுக்கிட்டான்."

அவர் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

எழுந்து வெளியே வந்தார். சமையலறையில் மனைவி நின்றபடியே தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் வெளிறிய முகத்தைப் பார்த்து, இடப்பக்கத்திலிருந்து மெல்ல ஏதோ கேட்டாள். உதடு அசைந்தது மட்டுமே தெரிந்தது.

"இந்தப் பக்கம் வந்து சொல்லு" என்றார். "அந்தக் காதுல வேற ஆளுங்க இருக்காங்க."

அவள் சிரிக்கவில்லை. பயந்துபோய்த் தட்டைக் கீழே வைத்தாள். ஆனாலும் வலப்பக்கம் வந்தாள். அவர் ஒன்று விடாமல் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்க நான் நல்லா இருக்கேனா?"

"சிரிக்கிற."

"அவளுக்கென்ன, குடுத்து வெச்சவ" என்று கை கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் பொறியாளரிடம் போய்க் கம்பியைத் திரும்பக் கேட்டார். முதல் வட்டம் ஏழடி தள்ளி விழுந்தது. தோண்டியவர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அதை வீட்டில் வந்து சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே குழம்பை ஊற்றினாள். மூன்றாம் மாதம் ஒருநாள், யாரோ வீட்டு வாசற்படிக்கு நடுவில் வட்டம் போட்ட கதையைச் சொன்னபோது, அவளுக்குப் புரையேறும்படி சிரிப்பு வந்துவிட்டது.

அன்று அவர் வலது காதைத் தலையணையில் வைத்துப் பார்த்தார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. இரண்டு பேர் படியிறங்கிப் போனார்கள். அவ்வளவுதான், அப்புறம் அந்தக் காதில் எதுவுமே கேட்கவில்லை.

அவர்கள் எங்கே போனார்கள் என்று இருவருக்கும் தெரியாது. ஆனால் சாப்பிடும்போது சில சமயம் மனைவி பேச்சை நிறுத்தி, அவர் இடது காதையே பார்ப்பாள்.

"யாராவது கேக்கறாங்களா?"

"தெரியல."

பிறகு இருவரும் கொஞ்சம் சத்தமாகவே பேசுவார்கள்.