இதுக்கு மேல பிடிக்க முடியாது

அக்கா எந்தச் சட்டையை வாங்கினாலும் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பாள். தையல்காரி புத்தி. மகள் கொண்டுவந்த சட்டையையும் அப்படித்தான் திருப்பினாள். பக்கத் தையலுக்குள்ளே ஒரு தையல், அதற்கும் உள்ளே இன்னொன்று. எல்லாம் அளவைக் குறைக்க அக்காவே பிடித்துத் தைத்தவை. கல்யாணத்துக்குப் பிறகு, வரும்போதெல்லாம் தனக்கு லூசாகிவிட்டது என்று இந்தச் சட்டையைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறாள் எங்கள் பெண்.

அக்கா கடையில் நான் இஸ்திரி போடுகிறேன். என் வாயும் இஸ்திரிப் பெட்டிதான் என்பார்கள். இருக்கட்டும். எங்கள் வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் வராது. ஆனால் அட்ஜஸ்ட் என்ற ஒரு சொல் மட்டும் உப்பு மாதிரி எல்லாவற்றிலும் விழும். பஸ்ஸில் நெருக்கி உட்கார அதுதான். சொன்ன தேதிக்குத் துணி தைத்துத் தராவிட்டாலும் அதுதான். மாப்பிள்ளை அடிக்கிறான் என்று பெண் வந்து அழுதபோதெல்லாம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்று சொல்லித்தான் அக்கா திருப்பி அனுப்பினாள். நான் சண்டை போட்டால், பிள்ளை பெற்றவளா நீ என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவாள்.

அன்று சட்டையைப் பெண்ணின் மேல் வைத்துப் பக்கவாட்டில் பிடித்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள். விலா எலும்பு கையில் தட்டியிருக்கும்.

"இதுக்கு மேல பிடிச்சா பாக்கெட் இடிக்கும்டி" என்றாள். பிறகு, "நீ போக வேணாம். இங்கயே இருந்துடு."

அப்பாடா, எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

பெண் சிரித்தாள். "பரவாயில்லம்மா. இப்பல்லாம் அவ்வளவா வலிக்கறதில்ல. அட்ஜஸ்ட் ஆயிடுச்சு."

பாவி, அழுதிருந்தாலாவது பிடித்து உள்ளே தள்ளிப் பூட்டியிருப்பேன். அவர் வருவதற்குள் போகவேண்டும் என்று செருப்பை மாட்டினாள். அக்கா வாசல்வரை ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, போய்ட்டு வரேம்மா என்று நடந்தாள்.

சட்டை மேசையிலேயே கிடந்தது. அக்கா பிளேடை எடுத்து எல்லாத் தையலையும் பிரித்தாள். கண் தெரியாமல் விரலைக்கூட அறுத்துக்கொண்டாள். பிரித்ததை என்னிடம் நீட்டினாள். தண்ணீர் தெளித்து, பெட்டியை அழுத்தி, மறுபடி மறுபடி தேய்த்தேன். சட்டை பழைய அளவுக்கு விரிந்து கிடந்தது. அதன் இரண்டு பக்கமும், ஊசி இறங்கிய துளைகள் வரிசை வரிசையாக அப்படியே இருந்தன.