முப்பது மீட்டர்

நெட்டையன் கூரை மேல் குந்திக்கொண்டு, ஓரத்து மழைநீர்த் தகரத்துக்குள் கையை விட்டு மக்கிய இலைகளை வாரிக் கீழே போட்டான். அவன் மனைவி அவற்றைச் சாக்கில் அள்ளினாள். மூன்று நாளாக இதே வேலைதான். சுவரோரம் இருந்த விறகைப் பிரித்துக் கொண்டுபோய் வாசல் கடைசியில் அடுக்கியிருந்தார்கள். தீப்பொறி நுழையாமல் இருக்கக் காற்றுத் துளைகளுக்குப் பொடிக் கம்பிவலை அடித்திருந்தார்கள். தீயணைப்புத் துறை நோட்டீசில் இருந்த பதினான்கு வேலைகளில் ஒன்றையும் விடவில்லை. பச்சைத் தகடு கிடைத்தால், காட்டுத்தீ வரும்போது வீட்டைக் காப்பாற்ற வண்டி வரும். சிவப்புத் தகடு என்றால் வராது.

"ஏங்க, ஸ்கூட்டர் சத்தம் கேக்குது. எறங்குங்க. வர்றவங்க முன்னாடி கூரையில தொங்கிட்டு இருக்காதீங்க."

ஆய்வாளர் தனியாகத்தான் வந்திருந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. தோள்பையில் தகடுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. கூரையை ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். கம்பிவலையில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"நல்லா பாருங்க மேடம். ஒரு சருகு கெடந்தா என்னைக் கேளுங்க" என்றாள் மனைவி.

"இன்னைக்குப் பாத்த வீட்டுலயே இதுதாம்மா சுத்தம்."

மனைவி திரும்பி நெட்டையனைப் பார்த்தாள். அவன் கையில் ஒட்டியிருந்த சேற்றை லுங்கியில் துடைத்தான்.

பின்னறையில் ஜன்னலோரக் கட்டிலில் மனைவியின் அப்பா படுத்திருந்தார். பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். வலது பக்கம் அசையாது, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

"யாரும்மா? ஓட்டுக் கேக்க வந்திருக்காங்களா?"

"இல்லப்பா. நெருப்பு விஷயமா வந்திருக்காங்க."

"அதுவும் நிக்குதா இந்தத் தடவை?"

ஆய்வாளர் சிரித்துவிட்டார். கையிலிருந்த டேப்லெட்டில் ஏதோ தொட்டார். பிறகு பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

ஆறு மீட்டரில் முள்கம்பி வேலி. அதற்கு அந்தப் பக்கம் கம்பெனியின் தைலமரத் தோட்டம், மலைச்சரிவு முழுக்க. உரிந்த பட்டைகள் மரங்களில் நீள நீளமாகத் தொங்கின. கீழே பட்டையும் இலையுமாகக் கணுக்கால் புதையும் அளவுக்குக் கிடந்தது. காற்றில் தைல வாசனை மூக்கைத் துளைத்தது.

"சுவத்துலேருந்து முப்பது மீட்டர் பாக்கணும்" என்றார் ஆய்வாளர். அளவு நாடாவின் நுனியை நெட்டையன் வேலிவரைக்கும் இழுத்துப் போனான். அங்கேயே நின்றுவிட்டான்.

"இதுக்கு மேல போகக் கூடாதுங்க. வாச்மேன் பாத்தா கேஸு."

"அந்தப் பட்டையைக் கூட்டலாமே?"

"பதினோரு வருஷமா அதே தோட்டத்துல மெஷின் புடிச்சு மரம் அறுக்கறவனுங்க நான். அவங்க கூப்பிட்டா உள்ள போலாம். நானா போனா அது திருட்டு."

மனைவி பிளாஸ்டிக் உறையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள். வேலியோரத்தைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கம்பெனிக்கு மூன்று முறை எழுதிப்போட்டதற்கு ஒரே ஒரு பதில் வந்திருந்தது. கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. தோட்டத்துக்குள் அத்துமீறி நுழைவது தண்டனைக்குரியது.

ஆய்வாளர் படித்து மடித்துக் கொடுத்தார். "எங்க ஆளுங்க வீட்டை மட்டும்தாம்மா பாக்கறது. தோட்டம் வேற துறை."

"அது எங்க எடமே இல்லீங்களே மேடம்."

"யாரு எடம்னு ஃபாரத்துல கேக்கலம்மா. முப்பது மீட்டருக்குள்ள என்ன இருக்குன்னுதான் கேக்குது."

ஆபத்துக்குப் போடும் மார்க் அறுபதைத் தாண்டினால் சிவப்பு. அறுபத்துநாலு வந்திருந்தது.

"அப்போ வீட்டுக்குச் சக்கரம் வச்சு முன்னாடி தள்ளிக்கறோம்" என்றான் நெட்டையன். யாரும் சிரிக்கவில்லை.

மனைவி ஆய்வாளரின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "நாலு மார்க்குதானே மேடம். நீங்க மனசு வச்சா..."

ஆய்வாளர் டேப்லெட்டைத் துணி துவைக்கும் கல்லில் வைத்தார். "பச்சை போட்டா வண்டி வந்துரும்மா. நாலு பேர் அதுல இருப்பாங்க. ஒங்க சந்துல வண்டியைத் திருப்ப முடியாது. போன வருஷம் ஒரு வண்டி இப்படித்தான் மாட்டிக்கிச்சு. அதுல செத்துப்போன ரெண்டு பேர் என்கூட வேலை பாத்தவங்க."

மனைவி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"அப்பாவை என்ன பண்றது?"

"மொத எச்சரிக்கை மெசேஜ் வந்ததும் கெளம்பிடணும்."

"எதுல? இவரு பைக்குலயா?"

ஆய்வாளர் குறிப்பு எழுதும் கட்டத்தைத் திறந்து நீளமாக ஏதோ அடித்தார். இடம் போதவில்லை. அழித்துவிட்டு, 'நகர முடியாத முதியவர் ஒருவர்' என்று மட்டும் அடித்தார். சிவப்புத் தகட்டை அடிக்கும்போது ஆணி இரண்டு முறை வளைந்தது. நெட்டையன் சுத்தியலை வாங்கி, தன் வாசல் தூணில் தானே அடித்துக் கொடுத்தான்.

மூன்றாம் நாள் காலையில் மேஸ்திரி போன் பண்ணினார். மலை மேல் கம்பெனியின் விருந்தினர் மாளிகையைச் சுற்றி நூறு மீட்டர் வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். முதலாளி குடும்பம் வருஷத்துக்கு ஒருமுறை வந்து தங்கும் இடம் அது. இப்போது பூட்டிக் கிடந்தது. நெட்டையன் மெஷினைத் தோளில் வைத்துக்கொண்டு போனான். பன்னிரண்டு பேர் மதியத்துக்குள் மாளிகையைச் சுற்றித் தரை தெரிய வைத்துவிட்டார்கள். இலை தழையும் பட்டையும் டிராக்டர் நிறையக் குவிந்தது.

"எங்க கொட்டறது மேஸ்திரி?"

மேஸ்திரி பீடியைப் பற்ற வைக்கப் போனவர், நினைவு வந்து சட்டைப்பையில் திருப்பிப் போட்டுக்கொண்டார். "கீழ, எல்லையோரமா."

"அங்க என் வீடு இருக்கு."

"தெரியும்யா. மேனேஜர் காட்டின எடம் அதான். சொல்லிப் பாத்துட்டேன். நீ போகலைன்னா வேற எவனாவது போவான். ஒன் பேரும் லிஸ்ட்லேருந்து போயிரும்."

டிராக்டர் சரிவில் இறங்கி வேலியை ஒட்டி நின்றது. நெட்டையன் சருகு வாரும் நீளப்பிடி முள்வாரியோடு சுமையின் மேல் ஏறி நின்றான். அங்கிருந்து பார்க்கையில் வீடு கை எட்டும் தூரத்தில் இருந்தது. சத்தம் கேட்டு மனைவி வாளியோடு வெளியே வந்தாள். பின்சுவர் பாதிவரை ஈரமாக இருந்தது. அவள்தான் நனைத்துக்கொண்டிருந்தாள். அவள் டிராக்டரைப் பார்த்தாள், மேலே நிற்கிறவனையும் பார்த்தாள்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு, கொடியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். உள்ளே போய் அப்பாவின் ஜன்னலைச் சாத்தினாள்.

டிரைவர் ஹாரன் அடித்தான். நெட்டையன் முள்வாரியைப் பட்டைக்குள் குத்தி, முதல் வாரலை வேலியோரம் தள்ளினான்.