கேக் திருடன் ஜெயித்த நாள்

சாவது ஒன்றும் லேசுப்பட்ட வேலை இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை செத்துக்கொண்டிருக்கிற மனுஷன் சொன்னால் நம்பித்தான் ஆகவேண்டும். வாரநாட்களில் அவன் பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்கிறவன். சனி, ஞாயிறுகளில் யார் வீட்டிலாவது பிறந்தநாள், ஏதாவது கம்பெனியில் விருந்து, புதுக்கடைத் திறப்பு என்றால் முகத்தை மறைக்கிற தகரத் தொப்பியையும் கறுப்பு அங்கியையும் மாட்டிக்கொண்டு போய், வாள்சண்டை போட்டு, தோற்று, செத்துவிட்டு வருவான். விருந்துகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட் அவனுக்கு வைத்திருந்த பெயர் 'பிணம்'. "பிணம் கெளம்பிடுச்சா?" என்றுதான் போனிலேயே கேட்பான். அவனும், "கெளம்பிடுச்சு சார்" என்பான்.

அவனைக் கொல்கிற வேலை அவனுடைய மச்சினனுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு. ராஜா வேஷத்துக்கென்றே அளவெடுத்துச் செய்த உடம்பு. சிரித்தால் கன்னத்தில் குழி விழும். மற்ற நாட்களில் செல்போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்து, கண்ணுக்கே தெரியாத ஸ்குருக்களைக் கழற்றி மாட்டுவான். அப்பேர்ப்பட்ட விரல்கள் வாளைப் பிடித்தால் மட்டும் துடைப்பம் பிடித்த மாதிரி இருக்கும். ஒத்திகைக்கு வரச் சொன்னால் ஆயிரம் சாக்குச் சொல்வான். அப்படியும் அவன் பெரிய வீரன்போலத் தெரிந்தான் என்றால், அது செத்துப்போகிறவனின் கைங்கரியம். இந்தத் தொழிலில் தோற்கிறவன்தான் சண்டையை நடத்துகிறவன். எப்போது வெட்ட வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் தொப்பிக்குள்ளிருந்து அவன் கண் காட்டுகிறபடிதான் நடக்கும். பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது, தெரியவும் கூடாது. சண்டை முடிந்ததும் ராஜாவோடு வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் பிணம் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்.

அதில் அவனுக்கு வருத்தமே இல்லை என்றால் பொய். பழகிப்போச்சு என்றால் பாதி நிஜம்.

அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம் உண்டு. பாட்டுச் சத்தத்தில் கூப்பிட்டால் காது கேட்காது. அதனால் யாருக்காவது அடிபட்டாலோ, அங்கி காலில் மாட்டினாலோ, அடுத்த அடி மறந்தேபோனாலோ, வாள்முனையால் தரையில் இரண்டு தடவை தட்ட வேண்டும். தட்டினால் மற்றவன் அந்த நிமிஷமே வாளைத் தாழ்த்திவிட வேண்டும். ஏன், எதற்கு என்கிற பேச்செல்லாம் பிறகுதான். பார்க்கிறவர்களுக்கு அதுவும் சண்டையில் ஒரு ஸ்டைல்.

இந்தச் சட்டம் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. ஒத்திகை நடப்பது வீட்டின் முன்னறையில், சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு. அந்தச் சோபாவின் மேல் உட்கார்ந்து பார்த்தே வளர்ந்தவள் மகள். சின்ன வயதில், அப்பாவும் அம்மாவும் காரசாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒருநாள், கையிலிருந்த ஸ்பூனால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் தட்டினாலும் சண்டை நின்றுவிடும். "இன்னொரு தடவ சாவுப்பா" என்று கேட்டுக் கேட்டு அவனை விழவைத்துக் கைதட்டிய பிள்ளை, இப்போது ஒன்பதாம் வகுப்பு.

அந்தச் சனிக்கிழமை, டைல்ஸ் கடை முதலாளி ஒருவரின் மகனுக்குப் பிறந்தநாள். கதை எப்போதும் உள்ளதுதான். கேக்கைத் திருட ஒரு திருடன் வருவான். ராஜா வந்து சண்டை போட்டு அவனைக் கொல்வார். பிறகு ராஜாவின் வாளை வாங்கிப் பையன் கேக் வெட்டுவான்.

மண்டபத்துக்குப் பின்னால் நாற்காலிகள் அடுக்கியிருந்த அறையில் இருவரும் வேஷம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் எப்படி என்று அவன் திரையை விலக்கிப் பார்த்தான். பலூன் வளைவுக்குப் பக்கத்தில் மகள் நின்றாள்.

தோழி வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாளே, அது இதுதானா. முதலாளியின் மூத்த பெண் இவளோடு படிப்பவளாக இருக்க வேண்டும். அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்றைக்குச் சாகும்போது காலை அவளுக்காகவே கூட ஒருதரம் உதற வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு சிறுமிகள் அவளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அங்கே ஏஜென்ட் நிறுத்தியிருந்த பேனரில் ராஜாவும் திருடனும் வாளோடு நின்றார்கள்.

"உங்கப்பா வாள்சண்டை போடுவார்னு சொன்னியே. இவங்கதானா? இதுல எது உங்கப்பா?"

மகள் பேனரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ராஜாவின் மேல் விரலை வைத்தாள்.

"இவர்தான்."

"செம்மயா இருக்காருடி. அப்ப இந்தக் கேக் திருடன் யாரு?"

"தெரியல. கூட வேல பார்க்கிற யாரோ."

அவன் திரையை விட்டுவிட்டான். தொப்பி போடுவதற்கு முன்பே வியர்த்தது. திருடன் வேஷம் கட்டியவனை உண்மைத் திருடனென்றே நடுத்தெருவில் வைத்து யாரோ பிடித்துவிட்டதுபோல் இருந்தது. பின்னாலிருந்து மச்சினன், "அத்தான், இந்த பெல்ட்ட கொஞ்சம் இறுக்கி விடுங்க" என்று முதுகைக் காட்டினான். அவன் இறுக்கினான். கொஞ்சம் அதிகமாகவே இறுக்கினான்.

நியாயமாகப் பார்த்தால் மச்சினன் என்ன பாவம் செய்தான்? ஒன்றும் இல்லை. பொய் சொன்னது பெண். அவளைப் பொய் சொல்லவைத்தது இந்தக் கறுப்பு அங்கி. ஆனால் அங்கியை அடிக்க முடியாது, பெற்ற பெண்ணையும் அடிக்க மனசு வராது. எதிரே வாளோடு நிற்கிறவன்தான் வாகாகக் கிடைத்தான்.

பாட்டு ஆரம்பித்தது. திருடன் கேக் மேஜையைச் சுற்றிப் பதுங்கிப் பதுங்கி நடந்தான். குழந்தைகள் கத்தின. ராஜா வந்தார். முதல் இரண்டு வெட்டும் சரியாகத்தான் விழுந்தன. மூன்றாவதற்கு மச்சினன் எப்போதும் பிந்துவான், இவன் எப்போதும் காத்திருப்பான். அன்றைக்குக் காத்திருக்கவில்லை.

மச்சினனின் வாள் தடுமாறி மேலே போனது. அத்தானின் கண்ணைப் பார்த்தான். கண்ணில் ஒரு குறிப்பும் இல்லை. "அத்தான், மெதுவா" என்று பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தான். இவன் இன்னும் வேகமாகப் போனான். வாளை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் அந்த மண்டபம் பார்த்தது. குழந்தைகள் வாயைப் பிளந்தன. பெரியவர்கள் ஜூஸ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்கள். பலூன் வளைவுப் பக்கம் மட்டும் அவன் திரும்பவில்லை. பார்க்கிறாள் என்று தெரியும். பார்க்கட்டும் என்றுதானே இத்தனையும்.

ராஜா பின்னால் நகர்ந்து நகர்ந்து கேக் மேஜையில் இடுப்பை இடித்துக்கொண்டார். ராஜா அங்கி மேஜைக் காலில் சிக்கியது. அப்போது மச்சினன் வாள்முனையைத் தரையில் வைத்து இரண்டு தடவை தட்டினான்.

டக், டக்.

இவன் அதைப் பார்த்தான். டைல்ஸ் தரையானதால் பாட்டையும் மீறிக் காதிலும் விழுந்தது. இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒருநாளும் மீறாத ஒன்று அது என்பது அவனுக்குத் தெரிந்தது. எல்லாம் தெரிந்துதான் இன்னொரு வெட்டு வெட்டினான்.

அது வாளில் விழவில்லை, விரல்களில் விழுந்தது. அலுமினிய வாள்தான், முனை மழுங்கியதுதான். ஆனாலும் ஓங்கி அடித்தால் அடி அடிதானே. ராஜாவின் வாள் சத்தத்தோடு தரையில் போய் விழுந்தது.

பாவம் மச்சினன். வலியில் முகம் வெளுத்துப்போயும் அவனுக்கு ஷோவை எப்படி முடிப்பது என்கிற கவலை. யோசித்தான். யாராவது ஒருத்தர் சாக வேண்டுமே என்று தானே செத்துப்போனான். செத்துப் பழக்கமில்லாதவன். அங்கியை ஒதுக்கிவிட்டு, கையை மார்போடு அணைத்துக்கொண்டு, தூங்கப் போகிறவன்போல மெல்லப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

கைதட்டல் இல்லை. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, அதையும் யாரோ நிறுத்தினார்கள். கேக் திருடன் கேக்குக்குப் பக்கத்தில் நின்றான். ஜெயித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. வாளை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. பிறந்தநாள் பையன் உதட்டைப் பிதுக்கி, பிறகு ஓவென்று அழ ஆரம்பித்தான்.

"என்னய்யா இது? ராஜாவைப் படுக்கப் போட்டுட்டு நிக்கிற? காசு குடுத்துப் புள்ளைய அழவைக்கிறதா?" டைல்ஸ் கடைக்காரர் விறுவிறுவென்று வந்தார். "யார் இந்த ஆள்? யார் கூட்டிட்டு வந்தது?"

"கை வழுக்கிடுச்சு சார்" என்றான் தொப்பிக்குள்ளிருந்து.

கீழே கிடந்த பிணம் கண்ணைத் திறந்தது. "ஆமா சார். வழுக்கிடுச்சு. அத்தான் மேல தப்பே இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து உட்கார்ந்தது. நடு இரண்டு விரல்களும் அதற்குள் வீங்கிவிட்டிருந்தன. யாரோ சிரித்தார்கள். திருடனுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. திட்டு வாங்கியதற்காக இல்லை. அந்த 'தப்பே இல்ல'வுக்காக.

"மொதல்ல அந்தத் தொப்பியக் கழட்டு. மூஞ்சியப் பாப்போம்."

அவன் கழற்றவில்லை. கழற்றினால் அவளுடைய பொய் உடைந்துவிடும். அந்தப் பொய்யாவது அவளுக்கு மிஞ்சட்டும் என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றான். பேசாமல் இருடி, அங்கேயே நில்லுடி என்று மனசுக்குள் கெஞ்சினான்.

மகள் ஜூஸ் மேஜையிலிருந்து வந்தாள். கைக்குட்டையில் ஐஸ் கட்டிகளை முடிந்திருந்தாள். முதலில் மாமாவிடம் போய் விரல்களின் மேல் அதை வைத்தாள். பிறகு எழுந்து டைல்ஸ் கடைக்காரரிடம் திரும்பினாள். தோழிகள் இருவரும் அவள் பின்னாலேயே நின்றார்கள்.

"அவர் எங்கப்பா, அங்கிள். மன்னிச்சிடுங்க. நான் கூட்டிட்டுப் போயிடறேன்."

அது எல்லாருக்கும் கேட்டது. ஊரெல்லாம் கைதட்டச் செத்துக்கொண்டிருந்தபோது 'யாரோ' என்றவள், இப்போது, இந்தக் கோலத்தில் நிற்கிறபோது, அப்பா என்று சொல்லிவிட்டாள். வேறு யாரும் சொல்லிக்கொள்ள முன்வராத நேரம் பார்த்து. அவன் தொப்பியைக் கழற்றினான். அவளுடைய தோழிகளின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

வேனில் மச்சினன் முன்சீட்டில் ஐஸ் மூட்டையோடு உட்கார்ந்தான். மகள் பின்னால், வாள்பெட்டிக்குப் பக்கத்தில். வழியில் தெரிந்த ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஏற்பாடு.

"எலும்பு ஒடஞ்சிருக்காது" என்றான் மச்சினன். "ரெண்டு வாரம் கடைக்கு லீவு போட்டா சரியாயிடும். மொதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டார்."

சொல்வார் என்பது மூன்று பேருக்கும் தெரியும். விரல் இல்லாமல் செல்போன் கடையில் அவனுக்கு என்ன வேலை?

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவன் மகளிடம் ஆரம்பித்தான். "புது டைல்ஸ் பாரும்மா. மெழுகு போட்டுத் தேய்ச்சு வச்சிருக்காங்க. கால் நிக்கவே இல்ல. கால் வழுக்கினதுல கையும் சேர்ந்து வழுக்கி..."

"ஆமாம்மா, செம வழுக்கல்" என்றான் மச்சினன்.

"நான் மாமாவுக்குப் பக்கத்துலதான் அடிக்கணும்னு போனேன். அதுக்குள்ள..."

பின்னால் வாள்பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. அதன் பிறகு வேனின் தகரத் தரையில் வாள்முனை இரண்டு தடவை பட்டது.

டக், டக்.

அவன் பாதிச் சொல்லில் நிறுத்தினான். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அழுதிருந்தாள். மாமா தட்டியது அந்த மண்டபத்தில் அத்தனை பேருக்கும் ஒரு ஸ்டைல். அவள் ஒருத்திக்குத்தான் அது என்னவென்று தெரியும். அவளும் கேட்டிருக்கிறாள், அதற்குப் பிறகு விழுந்த வெட்டையும் பார்த்திருக்கிறாள். அவனுக்கு இவ்வளவு நேரமும் அது தோன்றவே இல்லை.

சிக்னலில் வண்டி நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தபடி சொன்னான்.

"மாமா தட்டினத பார்த்தேம்மா. பார்த்துட்டுத்தான் அடிச்சேன்."

மச்சினன் ஐஸ் மூட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்ற முயன்றான், முடியவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டான். பச்சை விழுந்தது.

"ஆஸ்பத்திரி ரைட்டுல இருக்கு அத்தான்" என்றான். "மெதுவாத் திரும்புங்க."