துருக்காவலனின் சாய்வு

வார நாட்களில் போட்டோக்காரர் படம் எடுப்பது ஃபிரிட்ஜையும் மிக்ஸியையும்தான், ஒரு கம்பெனியின் விற்பனைப் புத்தகத்துக்காக. அவை அசையாது, சிரிக்காது, "கண்ணை மூடிட்டேன், இன்னொன்னு எடுங்க" என்று பிராணனை வாங்காது. அந்த நிம்மதி அலுத்துப்போய்த்தான் வருஷத்துக்கு ஒருமுறை காமிக்ஸ் ரசிகர் விழாவுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார். கதைகளில் வரும் வீரர்களும் சூனியக்காரிகளும் ராட்சதர்களும் இங்கே ஃபோம் ஷீட்டும் பசையுமாக உயிரோடு நடப்பார்கள். காஸ்ப்ளே என்று அதற்குப் பேர். "இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா?" என்று மனைவி கேட்டால், "இந்த வயசுலதான் தேவை" என்பார்.

அந்தக் கூட்டத்துக்கென்று சில சட்டங்கள் உண்டு. கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. உடையைத் தொடக் கூடாது. முகமூடி போட்டவரிடம் உள்ளே இருப்பது யார் என்று கேட்கவே கூடாது, வேஷத்தின் பேரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அதனால் துருக்காவலனை ஆறு வருஷமாகப் படம் எடுத்தும் அவன் முகம் இவருக்குத் தெரியாது.

துருக்காவலன் ஒரு காமிக்ஸ் கதையில் வரும் கோட்டைக் காவலன். தலை முதல் கால் வரை துருப்பிடித்த கவசம். வேஷம் யார் வேண்டுமானாலும் போடலாம், ஆனால் இவன் நிற்கிற அழகே தனி. ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்து, ஒரு காலைத் தளர்த்தி, உலகமே எனக்குத் தூசு என்பதுபோல் நிற்பான். மூன்று வருஷத்துக்கு முன் அதை இவர் எடுத்த படம் இணையத்தில் காட்டுத்தீயாகப் பரவியது. அதன் பிறகு துருக்காவலன் வேஷம் போடுகிற எல்லாரும் அப்படியே சாய ஆரம்பித்தார்கள். அந்தச் சாய்வைத் தானே கண்டுபிடித்ததுபோல் போட்டோக்காரருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

இந்த வருஷமும் மதிய வெளிச்சம் விழும் பெரிய ஜன்னலருகே காவலன் வந்து நின்றான். ஆனால் முட்டிக்கவசம் முட்டிக்குக் கீழே தொங்கியது. கையுறையின் நுனிவரை விரல்கள் எட்டவில்லை. அதையெல்லாம்விட, நட்டுவைத்த கம்பம்போல் நேராக நின்றான்.

"காவலா, என்னய்யா ஆச்சு? எப்பவும்போல சாய்ஞ்சு நில்லு. அதான் உன் ஸ்டைலே!"

தலைக்கவசம் கழன்றது. உள்ளே வியர்த்து வழிந்த ஒரு பெண்ணின் முகம்.

"நான் அவனோட அக்கா சார். பஸ் டிரைவர். இதுக்குள்ள ஒண்ணுமே தெரியல, கண்ணாடி முழுக்கப் பேப்பர் ஒட்டின பஸ்ஸை ஓட்டுற மாதிரி இருக்கு." சிரிக்கப் பார்த்தாள், பாதியிலேயே நின்றுவிட்டது. "அது ஸ்டைல் இல்ல சார். சின்ன வயசுலேர்ந்தே அவனுக்கு ஒரு பக்கம் இடுப்பு எலும்பு சரியில்ல. அந்தக் கால்ல பாரம் போட்டா உயிர் போற வலி. அதான் சாய்வான்."

போட்டோக்காரருக்குச் சுருக்கென்றது. "இன்னும் கொஞ்சம் சாய், அப்படியே நில்லு, மேகம் விலகட்டும்" என்று எத்தனை முறை அவனைப் பத்துப் பத்து நிமிஷம் நிற்க வைத்திருப்பார். அவனும் ஒரு வார்த்தை பேசாமல் நின்றானே. அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்ல மாட்டான். தெருவுல எல்லாரும் முதல்ல என் காலைத்தான் பாக்குறாங்க, இங்கதான் என்னைப் பாக்குறாங்கன்னு சொல்லுவான்."

மூன்று வாரத்துக்கு முன் தம்பிக்கு ஆபரேஷன் நடந்ததாம். வலி போய்விடும், ஆனால் இனி எப்போதும் குச்சி ஊன்றித்தான் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தவன் திரும்பவில்லை. "காவலன் குச்சி ஊன மாட்டான். எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போட்டுடு" என்று மட்டும் சொன்னானாம்.

"எனக்கு மனசு வரல சார். வருஷா வருஷம் எடுக்கிற படம் இந்த வருஷமும் இருந்துட்டா, எழுந்து உக்காருவானோன்னு ஒரு நப்பாசை."

போட்டோக்காரர் எடுத்துப் பார்த்தார். நான்கு படம், ஐந்து படம். எதுவும் தேறவில்லை. கவசம் இருந்தது, காவலன் இல்லை. இதை அனுப்பினால் அந்தப் பிள்ளை இன்னும் நொந்துதான் போவான்.

அப்போது அரங்கின் அந்தக் கோடியில் இன்னொரு துருக்காவலன் சாய்ந்து நின்று யாருக்கோ போஸ் கொடுப்பது கண்ணில் பட்டது. போட்டோக்காரர் கேமராவைப் பிடித்துக்கொண்டு ஓடினார். கால் மணி நேரத்தில் நான்கு துருக்காவலர்களைத் திரட்டி வந்தார். ஒருவருக்குக் கவசத்தை மீறித் தொப்பை, ஒருவன் ஒட்டடைக்குச்சி உயரம், மற்ற இரண்டு பேரும் காதலர்கள்போல, வரிசையிலும் கையை விடவில்லை. அக்காவை நடுவில் நிறுத்தினார். தம்பியின் காலைப் பற்றி அவர்களிடம் மூச்சு விடவில்லை. "காவலா, நில்லுங்க" என்றார், அவ்வளவுதான். ஐந்து பேரும் சாய்ந்தார்கள்.

அக்கா மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தாள். வரிசை கெட்டது.

"அம்மா, நீ மட்டும் அந்தப் பக்கம் போறே. இவங்க மாதிரி இந்தப் பக்கம் சாய்."

"இல்ல சார், அவன் வந்து..."

"மேகம் வருதும்மா, சீக்கிரம்!"

பதற்றத்தில் அவளும் மாறிச் சாய்ந்தாள். போட்டோக்காரர் எடுத்தார். இதுவரை எடுத்ததிலேயே இதுதான் நல்ல படம் என்று தோன்றியது.

படத்தை அவள் போனுக்கு மாற்றி, தம்பிக்கு அனுப்பினார்கள். பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. பதில் இல்லை. அக்கா நகத்தைக் கடித்தாள். போட்டோக்காரர் ஏற்கெனவே துடைத்த லென்ஸை மறுபடி துடைத்தார். தப்புப் பண்ணிவிட்டோமோ, அவன் வலியைக் கேலி செய்ததுபோல் ஆகிவிட்டதோ என்று தோன்றியது.

ஒரு குரல் செய்தி வந்தது. அவள் போனை நீட்டினாள், அவரே அதை அழுத்தினார்.

"அக்கா..." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அழுகிறானா என்று இருவரும் போனை நெருங்கினார்கள். "எல்லாரும் இடது பக்கம் சாய்ஞ்சு நிக்கிறாங்க! நான் வலது பக்கம்தானே சாய்வேன்? படத்தை எதிர்ல வச்சுப் பாத்துப் பழகியிருக்காங்க, கண்ணாடி பாத்த மாதிரி மாறிப்போச்சு. அத்தனை பேரும்! சரி, அவங்களுக்குத் தெரியாது. பத்து வருஷமா என் வலது கைக்குத் தோள் குடுத்துக் கூட்டிட்டுப் போற நீயுமா அக்கா?"

அவன் சிரித்தான். அக்கா துருப்பிடித்த கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டாள். போட்டோக்காரர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அடுத்த வருஷம் நான் நேர்ல வந்து சொல்லிக்குடுத்தாதான் உருப்படும். கவசத்தைத் தூக்கிப் போட்டுடாத. அப்புறம், அங்க இருக்கிறவங்ககிட்ட கேட்டு வை அக்கா... மரக்குச்சிக்குத் துருக் கலர் ஒட்டுமா?"