ஜெயசித்ராவின் டர்ன்

1

ஒருத்தி தோற்ற விதத்தைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கதைக்கு அந்தச் சிரிப்புதான் முதல். உயர்ந்த நோக்கம் எதையும் தேட வேண்டாம்.

முதல் வரியை இப்படி எழுதியிருந்தேன்: "2006ஆம் ஆண்டின் ஓர் அந்திப்பொழுதில், பெரம்பலூர் நகரம் தன்" –

வேண்டாம். மத்தியான நேரம். கரண்ட் இருந்தது. அது போதும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் சிங்காரவேலு பிரௌசிங் சென்டர் வைத்திருந்தார். லப்பைக்குடிக்காட்டுப் பெண்கள் குழந்தைகுட்டியோடு வந்து, சவுதியில் இருக்கும் வீட்டுக்காரர்களைக் கேமராவில் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர் சாப்பிடப் போனால் மேஜையில் உட்காருவது அண்ணன் மகள் ஜெயசித்ரா. பிளஸ் ஒன் படிக்கக் குன்னத்திலிருந்து வந்து சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தாள். அவளுக்குத் திக்குவாய்.

2

திக்குவதை எழுத்தில் எப்படிக் காட்டுவது? முதல் பிரதியில் புள்ளியும் கோடும் போட்டேன். தந்தி மாதிரி இருந்தது, எடுத்துவிட்டேன். ஆகவே அவள் வாய்திறந்து பேசும் வரி இந்தக் கதையில் இதுவரை கிடையாது. (கதாநாயகிக்கு வசனமே இல்லையா என்று கேட்பீர்கள். அவள் வகுப்பில் யாரும் கேட்டதில்லை.)

சுற்றியிருந்தவர்கள் நல்லவர்கள், அதுதான் தொல்லை. அவள் பாதியில் நின்றால் யாராவது முடித்துக்கொடுத்துவிடுவார்கள். அட்டென்டன்ஸில் பெயர் கூப்பிட்டால் பக்கத்துப் பெண், "வந்துருக்கா சார்" என்பாள். வீட்டில் சித்தி, "இன்னொரு தோசை வேணாங்கறா" என்பாள். அவளுக்குத் தோசை வேண்டும். அரை வயிற்றோடு பள்ளிக்கூடம் போவாள்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் சொந்தப் பெயர். அதை அவள் முழுசாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

3

ஒரு நாள் காலி கேபினில் உட்கார்ந்து இணையத்தில் ஒரு விளையாட்டைத் திறந்தாள். பச்சை மேஜை, ஓரத்தில் குழிகள், கலர் கலராகப் பந்துகள். ஊரில் அண்ணன்களோடு கேரம் ஆடி ஜெயித்தவள்; இது குச்சி வைத்து ஆடும் கேரம் என்று முடிவு கட்டினாள். கறுப்புப் பந்து ஒன்றே ஒன்று இருந்தது. சரி, அதுதான் சிவப்புக் காய். அதைப் போட்டுவிட்டு, அடுத்த அடியில் இன்னொரு காயைத் தள்ளி ஃபாலோ போட வேண்டும்.

போட்டாள். அருமையான அடி. ஆட்டம் அங்கேயே முடிந்து, தோற்றுவிட்டாய் என்றது திரை. மறுபடியும் போட்டாள், மறுபடியும் தோற்றாள். எதிராளிகள் சிரித்துவிட்டுப் போனார்கள். சவுதியில் தம்மாமிலிருந்து ஆடிய ஒருத்தி மட்டும் அவள் ஐடியில் குன்னம் என்றிருந்ததைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"குன்னமா? நாங்க லப்பைக்குடிக்காடு. நான் மர்ஜியா. கறுப்பைக் கடைசியிலதான்டி போடணும்."

"அப்ப ஃபாலோ?"

"ஃபாலோவும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது."

(தட்டியதெல்லாம் ஆங்கில எழுத்தில். உங்கள் கண்ணைக் காப்பாற்றத் தமிழில் தந்திருக்கிறேன்.)

விதி தெரிந்த பிறகு ஜெயசித்ராவை அசைக்க முடியவில்லை. கட்டையில் மோதித் திரும்பும் அடியெல்லாம் பழகிய கை. தட்டும்போது அவள் சரியான வாயாடி வேறு. மர்ஜியாவுக்கும் அங்கே புதுப் பள்ளிக்கூடம், பேச ஆளில்லை. இரண்டு பேருக்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எப்போது வரும் என்று இருந்தது.

ஒரு தடவை ஜெயசித்ரா கோணம் பார்த்துக்கொண்டே நேரத்தை இழுத்தாள். மர்ஜியா தட்டினாள்: "உன் டர்ன்தானே. மெதுவா ஆடு. நான் எங்க போகப்போறேன்."

ஜெயசித்ராவுக்கு அழுகை வந்துவிட்டது. அப்படி ஒருவரும் அவளிடம் சொன்னதில்லை. ஆனாலும் திக்குவாயைப் பற்றி மட்டும் அவள் தட்டவில்லை.

4

ஜூலை மாதம் லீவுக்கு வரும் மர்ஜியா, உம்மாவோடு நேரே சென்டருக்கே வருவதாகச் சொன்னாள். நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

மர்ஜியாவைப் பார்த்ததும் ஜெயசித்ரா கடகடவென்று பேசுகிறாள். கிழித்துப் போட்டேன். அவள் என்ன, மாத்திரையா விழுங்கினாள்?

கம்ப்யூட்டரில் தட்டிக் காட்டுகிறாள். இது அழகாக இருந்தது. ஜெயசித்ரா ஒத்துக்கொள்ளவில்லை.

மொட்டை மாடிக்குப் போய் ஒளிந்துகொள்கி – அது பழைய ஜெயசித்ரா.

5

அன்றைக்கென்று பார்த்து சிங்காரவேலு சாப்பிடப் போகவில்லை. மர்ஜியா படியேறி வந்தாள், பின்னால் உம்மா.

"இங்க ஜெயசித்ரா யாருங்க?"

"அது நம்ம –" என்று சிங்காரவேலு ஆரம்பித்தார்.

ஜெயசித்ரா பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி அவர் முகத்துக்கு நேரே கையைக் காட்டினாள். சித்தப்பா வாய் திறந்தபடி நின்றார். அவள் எழுந்தாள். முதல் எழுத்து வந்தது. அடுத்தது வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது.

உம்மா பதறிவிட்டார். "என்னம்மா, தண்ணி ஏதும் –"

மர்ஜியா உம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஜெயசித்ராவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சுவரோரம் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அவ டர்ன், உம்மா," என்றாள்.

ஃபேன் சுற்றுகிறது. சித்தப்பா நிற்கிறார், உம்மா நிற்கிறார், பேனாவை மூடிவிட்டு நானும் நிற்கிறேன். இனி நீங்கள்தான். அவள் பெயர் உங்களுக்குத் தெரியும். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.